ஜோ யார்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஆகஸ்ட் 3

1939ஆம் ஆண்டின் ‘ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். சற்று முன்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இளைஞன் விமானம் நொறுங்கி இறந்துபோகிறான். அவனுக்காகச் சமைத்து வைத்த இறைச்சியை அவனுடைய தலைவனே உட்கார்ந்து உண்கிறான். அந்தப் பெண் இறந்தவனின் பெயரைச் சொன்னதும் ‘ஜோ யார்?’ என்று கேட்கிறான். இந்தக் கல்நெஞ்சை வீரம் என்று காட்டும் படத்தை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறீர்கள்?

ஆகஸ்ட் 3, இரவு

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முதன்முறை பார்த்தபோது எனக்கும் அதே கோபம்தான் வந்தது. ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காட்சியை வேறோரிடத்தில் பார்த்திருக்கிறேன் என்பதால், அது கல்நெஞ்சு அன்று என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

என் தந்தை கிணறு வெட்டும் குழு ஒன்றில் 26 ஆண்டுகள் வேலை செய்தவர். பாறையில் குழி போட்டுத் தோட்டா வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வரும் வேலை. அந்தக் குழுவில் எவரேனும் இறந்தால், காரியம் முடிந்து மறுபடி வேலைக்கு இறங்கும் நாளிலிருந்து கிணற்றடியில் அவருடைய பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். இறந்தவரின் தூக்குவாளியை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். அதில் சோறு கொண்டுவந்து அதே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து உண்பார். சிறுவனாக இருந்த எனக்கு அது அருவருப்பாக இருந்தது. 60 அடி ஆழத்தில் கொளுத்திய திரியோடு நிற்பவன் செத்தவனை நினைத்தால் அவனுடைய கை நடுங்கும் என்பதும், கை நடுங்கினால் இன்னொருவனும் சாவான் என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கின.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இந்தப் படத்தில், பராங்கா என்ற கற்பனைத் துறைமுகத்திலிருந்து ஆண்டிஸ் மலையின் ஒரே கணவாய் வழியாக அஞ்சல் மூட்டைகளைக் கொண்டுசெல்லும் விமானிகள் அந்த விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். கேரி கிரான்ட் ஏற்றிருக்கும் ஜெஃப் கார்ட்டர் என்ற தலைவன் அந்த விதியின் காவலன். படம் முழுவதிலும் ஆண்களில் ஒருவர்கூடக் கண்ணீர் விடுவதில்லை என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கண்ணீருக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஜோ இறந்ததும் பானி லீ, அதாவது ஜீன் ஆர்தர் ஏற்றிருக்கும் பெண், தன்னோடு இரவு உணவு உண்ணும் அவசரத்தில்தான் அவன் கீழே இறங்கினான் என்று தன்னையே பழித்துக்கொள்கிறாள். அதற்கு ஜெஃப் சொல்லும் மறுமொழியைக் கவனியுங்கள். ஆம், உன் குற்றம்தான். நீ அவனோடு உண்ண ஒப்புக்கொண்டாய், டச்சி (நிறுவனத்தின் உரிமையாளன்) அவனை வேலைக்கு எடுத்தான், நான் அவனை அனுப்பினேன், மூடுபனி வந்தது, ஒரு மரம் குறுக்கே நின்றது, எல்லாம் உன் குற்றம் என்ற பொருள்பட அவன் அடுக்குகிறான். குத்தலாக ஒலிக்கும் அந்தப் பேச்சில் அவன் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறான்: அனுப்பியவன் தானே என்பதை. அடுக்கின் நடுவில், மரத்துக்கும் பனிக்கும் முன்னால், தன் பெயரையும் வைத்துவிடுகிறான். அதை மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 6

‘ஒரு கடிதத்துக்காகவா உயிரைக் கொடுப்பார்கள்?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கடிதத்துக்காக அன்று, நேரத்துக்காக. குறித்த காலம்வரை ஒரு முறையும் தவறாமல் அஞ்சலைக் கொண்டு சேர்த்தால்தான் அந்தச் சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைக்கும் என்ற ஒற்றைக் கயிற்றில்தான் கதை முழுவதும் தொங்குகிறது. அது வெறும் கற்பனையும் அன்று. தென்னமெரிக்காவில் ஏரோபோஸ்டால் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் விமானிகள் 1928இலிருந்து இரவிலும் பறக்கத் தொடங்கியதற்குக் காரணம், பகலில் விமானம் ஈட்டிய நேரத்தை இரவில் நிற்காமல் ஓடும் ரயிலும் கப்பலும் பறித்துக்கொண்டன என்பதே. நம் பக்கத்திலும் 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த அஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் அது.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன். ஜோ இறக்கும் காட்சியில் ஹாக்ஸ் நமக்கு எதைக் காட்டுகிறார்? ஏறத்தாழ ஒன்றையும் காட்டுவதில்லை. கணவாய் மூடிக்கிடப்பதால் ஜோ திரும்பி வருகிறான். ஓடுதளத்தின்மேலும் மூடுபனி கவிந்திருக்கிறது. கீழே ஜெஃப் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாருடைய முகமும் மேல்நோக்கி இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எஞ்சினின் ஒலி மட்டும் நெருங்கி, விலகி, மீண்டும் நெருங்குகிறது. ‘இறங்காதே, பனி விலகும்வரை மேலேயே சுற்று’ என்று ஜெஃப் சொல்கிறான். ராடார் இல்லாத அந்தக் காலத்தில் தரையில் நின்றவனுடைய காதுதான் விமானியின் கண். அந்தக் காட்சியில் பார்வையாளர்களாகிய நம்மையும் ஹாக்ஸ் தரையில் நிறுத்தி, காதை மட்டும் நம்பவைக்கிறார்.

என் அம்மா அப்படித்தான் வாழ்ந்தார். அப்பா பக்கத்து ஊர்களில் வேலை செய்யும் நாட்களில் மாலை 5 மணிக்குமேல் வேட்டுச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அன்று எத்தனை குழி என்பதை அப்பா காலையிலேயே சொல்லிவிட்டுப் போவார். அம்மா திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கிவைப்பார். 9 குழி என்றால் 9 கொட்டை. ஒருநாள் 8 கொட்டையோடு சத்தம் நின்றுவிட்டது. வெடிக்காத தோட்டா ஒன்று பாறைக்குள் உயிரோடு கிடக்கிறது, அதைத் தேடி ஒருவர் கீழே இறங்கியாக வேண்டும் என்பதே அதன் பொருள். அன்று இரவு 10 மணிக்கு அப்பா வீடு திரும்பும்வரை அம்மா அந்த 8 கொட்டைகளையும் முறத்திலிருந்து எடுக்கவில்லை. அப்பா வந்ததும் அம்மா ஒரு வார்த்தையும் கேட்காமல் சோறு போட்டார்.

ஆகஸ்ட் 7

விமானங்கள் பொம்மைபோலத் தெரிகின்றன என்று ஒருவர் எழுதியிருப்பது சரி, பலவும் சிறு மாதிரிகள்தாம். பராங்கா ஊரே கொலம்பியாவின் இடத்தில் எழுப்பிய அரங்கு. ஆனால் அந்த மாதிரிகளின் வேலை, ஆஸ்கர் விருதுகளில் சிறப்பு விளைவுகள் என்ற பிரிவு முதன்முதலாக ஏற்பட்ட ஆண்டிலேயே பரிந்துரை பெற்றது. அதைவிட, உண்மையில் பறந்து எடுத்த காட்சிகளும் படத்தில் உண்டு. அடிபட்ட சிறுவன் ஒருவனுக்காக மருத்துவரைக் கொண்டுபோகும் பகுதியில், செங்குத்தான மேட்டின் உச்சியிலுள்ள சிறு சமவெளியில் விமானம் இறங்குகிறது. திரும்பும்போது ஓடி வேகம் எடுக்க இடம் போதாமல் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து, விழும் வேகத்திலேயே மேலெழுகிறது. பால் மான்ட்ஸ் என்ற சாகச விமானி ஓட்டிய விமானம் அது.

நம்பமுடியாதது என்று நினைப்பீர்கள். 1929இல் ஏரோபோஸ்டாலின் ழான் மெர்மோஸ், ஆண்டிஸ் மலையில் ஏறத்தாழ 4000 மீட்டர் உயரத்தில் இப்படியோர் இடத்தில் சிக்கிக்கொண்டார். கொடும் குளிரில், உடைந்த பாகங்களைக் கையில் கிடைத்ததைக்கொண்டு கட்டிச் சரிசெய்தபின், விமானத்தை விளிம்பிலிருந்து உருட்டிப் பறந்து தப்பினார். கூட இருந்து அதைச் சரிசெய்தவர் கொலெனோ என்ற மெக்கானிக். இந்த மெக்கானிக்கை நினைவில் வைத்திருங்கள், படத்திலும் ஒரு மெக்கானிக் உண்டு, அவனைப் பற்றிப் பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10

ஹாக்ஸின் வாழ்க்கையில் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போனால் இந்த விவாதம் முழுமை பெறாது. அவர் முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் விமானப் பயிற்சி கொடுத்தவர், விமானிகளோடு பழகியவர். அவருடைய தம்பி கென்னத் ஹாக்ஸும் திரைப்பட இயக்குநர். 1930 ஜனவரி 2ஆம் நாள், ஒரு படத்துக்காகக் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடலுக்குமேல் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்புக் குழுவினர் இருந்த இரண்டு விமானங்கள் வானிலேயே மோதிக்கொண்டன. கென்னத் உட்பட 10 பேர் இறந்தார்கள்.

அதன்பின் ஹாக்ஸ் விமானிகளைப் பற்றி எடுத்த படங்களில் இது ஒன்று. தம்பி இறந்து 9 ஆண்டுகளுக்குப் பிறகு ‘ஜோ யார்?’ என்ற வசனத்தைக் கேரி கிரான்டைப் பேசவைத்தவர், சாவு எத்தகையது என்று அறியாத மனிதர் அல்லர். வாசகரின் கேள்விக்கு நான் முதல் இரவே இந்தச் செய்தியை எழுதியிருக்க வேண்டும். என் வீட்டுக் கதையில் மூழ்கி விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13

ஞாயிறு இரவு முழுப் படத்தையும் மீண்டும் பார்த்தேன். முதல் குறிப்பில் நான் எழுதியது பிழை. ஆண்களில் ஒருவர்கூடக் கண்ணீர் விடுவதில்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். ஜெஃப் அழுகிறான்.

கிட் என்ற மூத்த விமானி, தாமஸ் மிச்செல் ஏற்றிருக்கும் பாத்திரம், ஜெஃபின் உயிர் நண்பன். கண்பார்வை மங்கியதால் அவனைப் பறக்கக் கூடாது என்று தடுக்க வேண்டிய கடமையும் ஜெஃபுக்கே வருகிறது. கடைசிப் பயணத்தில் கழுகு ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து மோதியதில் கிட்டின் கழுத்து முறிகிறது. தரைக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் அவன் எல்லாரையும், இறுதியில் ஜெஃபையும், வெளியே போகச் சொல்கிறான். முதன்முதலாகத் தனியே விமானம் ஓட்டிய நாள்போல இது இருக்கிறது, புதிய வேலை, தவறு செய்தால் ஒருவரும் பார்க்கக் கூடாது என்ற பொருளில் ஏதோ சொல்கிறான். ஜெஃப் வெளியே போய்விடுகிறான். நண்பன் தனியே சாகட்டும் என்று விட்டுப் போவது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை இதற்குமுன் நான் கவனிக்கவே இல்லை.

பிறகு கிட்டின் உடைமைகளை ஒன்றுசேர்க்கிறார்கள். 22 ஆண்டு விமானி வாழ்க்கைக்கு மிஞ்சியவை ஒரு கையளவுப் பொருள்கள். அதற்குப் பின்னர் பானி அறைக்குள் வரும்போது ஜெஃபின் கண்கள் நனைந்திருக்கின்றன. அவன் ஒளித்துக்கொள்ளப் பார்க்கிறான், அவள் பார்த்துவிடுகிறாள். ஆகவே, விதியைக் காப்பவனால் விதியைக் காக்க முடியவில்லை. ‘ஜோ யார்?’ என்று கேட்டவனிடம் ‘கிட் யார்?’ என்று கேட்க அந்த அறையில் ஒருவருக்கும் மனம் வருவதில்லை. ஹாக்ஸ் முதல் அரைமணியில் விதியைக் கட்டி எழுப்பியதே இந்த இடத்தில் அது உடைவதைக் காட்டத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இது முதல் குறிப்பில் நான் சொன்னதற்கு ஏறக்குறைய எதிரானது. இரண்டையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

ஆகஸ்ட் 14

மெக்கானிக்.

படத்தின் நடுவே பேட் மக்ஃபர்சன் என்ற புதிய விமானி மனைவியோடு வந்து சேர்கிறான். மனைவியாக ரீட்டா ஹேவொர்த். அவர் புகழின் உச்சிக்குப் போவதற்கு முந்தைய படம் இது. பேட்டைக் கண்டதும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காரணம், முன்பொரு நாள் பழுதாகிப்போன விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தான் மட்டும் தப்பியவன் அவன். உள்ளே விட்டுவந்த மெக்கானிக் செத்துப்போனான். அந்த மெக்கானிக் கிட்டின் தம்பி. ஜெஃப் பேட்டை வேலைக்கு எடுத்துக்கொள்கிறான், ஆனால் மற்றவர்கள் ஏற்கத் தயங்கும் பயணங்களைக் கொடுக்கிறான். நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருளை ஏற்றிச் செல்லும் வேலையும் அவன் தலையில்தான் விழுகிறது. பேட்டாக ஏற்றிருக்கும் ரிச்சர்ட் பார்தல்மெஸ் ஊமைப்பட காலத்தின் பெரிய நட்சத்திரம். 1939இல் அந்தப் புகழ் போய்விட்டிருந்தது, முகத்தில் அறுவைச் சிகிச்சையின் தழும்புகள் இருந்தன. ஹாக்ஸ் அவற்றை ஒப்பனையால் மறைக்கவில்லை. பேட் பேசாமல் நிற்கும் காட்சிகளில் அந்த முகமே போதுமானதாக இருக்கிறது.

எங்கள் ஊரிலும் அப்படியொருவர் இருந்தார். திரி கொளுத்த இருவர் இறங்கியிருந்தபோது, தன் பங்குத் திரிகளைக் கொளுத்தி முடித்ததும் மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டிவிட்டார். இன்னொருவர் எதிர்ப் பக்கத்தில் கடைசித் திரியோடு இருந்தார். தொட்டி திரும்பக் கீழே போய்ச் சேர்வதற்குள் முதல் வேட்டு வெடித்துவிட்டது.

அதன்பின் தேநீர்க் கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துபோனார்கள். ஒருவரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, வெறுமனே எழுந்துபோனார்கள். என் அப்பாவும் எழுந்தார், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. என் டம்ளரில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது. பேட் உள்ளே நுழையும் காட்சியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தப் பாதித் தேநீர் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 15

படத்தைவிட்டு ஊர்க்கதைக்குப் போகிறேன் என்று ஒருவர் கடிந்திருக்கிறார். படத்துக்கே வருகிறேன், ஏனெனில் எனக்கு அதனோடு உள்ள ஒரே பிணக்கு இந்த இடத்தில்தான்.

மூன்று எஞ்சின் கொண்ட ஃபோர்டு விமானத்தில் பேட்டும் கிட்டும் சேர்ந்து போகிறார்கள். கழுகு மோதி, விமானம் தீப்பிடித்ததும் கிட் அவனைக் குதிக்கச் சொல்கிறான். பேட் குதிக்கவில்லை. எரியும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குகிறான். அதன்பின் விமானிகள் அவனைத் தங்களோடு அமர்த்தி மது கொடுக்கிறார்கள். திரைக்கதையாக இது மிக நேர்த்தியானது: எந்தக் குற்றத்தைச் செய்தானோ அதே சூழல் அவனுக்கு மீண்டும் அமைகிறது, அண்ணனும் தம்பியின் இடத்திலேயே அமர்ந்திருக்கிறான். ஆனால் பேட்டுக்கு மன்னிப்புக் கிடைக்க கிட் சாக வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு இன்றளவும் நெருடுகிறது. எங்கள் ஊர்க்காரருக்கு அப்படி இரண்டாவது கிணறு அமையவில்லை. வேறு மாவட்டக் குழுக்களோடு போய் வேலை செய்து முதுமை அடைந்தார். பல ஆண்டுகள் கழித்து, கூட்டம் மிகுந்த பேருந்து ஒன்றில் அவர் நின்றுகொண்டிருந்தபோது அப்பா சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அவர் அமர்ந்தார். இருவரும் ஊர்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பா நகர்ந்து கொடுத்த அந்த அரைச்சாண் இடத்தைப் படமாக்கக்கூடிய இயக்குநர் ஒருவர் இருந்தால் அவரை ஹாக்ஸுக்கும் மேலாக வைப்பேன்.

ஆகஸ்ட் 19

பெண்களைப் பற்றி ஒருவர் எழுதிய நீண்ட குறிப்புக்கு மறுமொழி. பானி அந்த வாழ்க்கையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே தவிர ஆண்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று சொல்கிறீர்கள். பாதி உண்மை. ஜோ இறந்த இரவே அவள் திரும்பி வந்து பியானோவில் அமர்ந்து வாசிக்கிறாள், ‘ஜோ யார்?’ என்று ஜெஃப் மறுபடி கேட்கும்போது கேள்விப்பட்டதே இல்லை என்கிறாள். அவ்விதி அவளுக்கு அவ்வளவு விரைவில் பழகிவிடுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஜெஃபும் ஒன்றைக் கற்கிறான். பெண் எவளிடமும் எதையும் கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்பவன் அவன். தீக்குச்சிகூடத் தன்னிடம் வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் அருகில் இருப்பவரிடம்தான் வாங்குகிறான். இறுதியில் அவளை இருக்கச் சொல்ல வாய் வராமல், தலை விழுந்தால் நீ தங்கு என்று கிட்டின் நாணயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறான். அதன் இரண்டு பக்கமும் தலைதான் என்பதை அவள் பிறகே பார்க்கிறாள். வாயால் கேட்கத் தெரியாதவன் செத்துப்போன நண்பனின் பொருளைக்கொண்டு கேட்கிறான்.

காத்திருப்பவர்களை அந்த விமானிகள் நினைப்பதே இல்லை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 1930 ஜூனில் ஏரோபோஸ்டாலின் ஆன்ரி கியோமே ஆண்டிஸ் மலையில் விழுந்து, பனியில் 5 பகலும் 4 இரவும் நடந்தார். ஒரு கட்டத்தில் எழ முடியாமல் பனியில் கிடந்தவரை எழுப்பியது என்ன என்று அவருடைய நண்பரும் விமானியுமான எழுத்தாளர் செந்த் எக்சுபெரி ஒரு நூலில் எழுதியிருக்கிறார். உடல் கிடைக்காமல் போனால் காப்பீட்டுப் பணம் மனைவியின் கைக்கு வர 4 ஆண்டுகள் ஆகும் என்ற எண்ணம். அருகே தெரிந்த பாறையில் சாய்ந்து இறந்தால் கோடையில் தன் உடலைக் கண்டுகொள்வார்கள் என்று அதுவரை நடக்க எழுந்தார். எழுந்ததும் நடந்துகொண்டே இருந்தார். அந்த நூல் வெளியானதும் 1939இல்தான்.

ஆகஸ்ட் 20

இந்த உரையாடல் தொடங்கியதிலிருந்து மனத்தில் இருந்ததை நேற்றுச் செய்தேன். மூடுபனிக் காட்சியை மட்டும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு இப்போது 74 வயது, ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. கதையையும் நான் சொல்லவில்லை. எஞ்சின் ஒலி முதல் தடவை நெருங்கியபோதே பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை ஒலி நெருங்கியபோது சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினார். மோதிய சத்தம் கேட்டதும் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் படத்தை நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பையன் பேரு என்ன?” என்று கேட்டார்.

ஜோ என்றேன்.